தொட்டுப் படிக்கும் வரைபடம்

"எல்லாரும் வரைபடத்தைப் பாருங்க." சமூக அறிவியல் வகுப்பில் இதை நான் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் அன்று சொன்னபோது முதல் பெஞ்சில் சாளரத்தை ஒட்டி உட்கார்ந்திருந்த மாணவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். பிறவியிலேயே பார்வையில்லாதவள். நன்றாகப் படிப்பாள். பிரெய்ல் தெரியும். வாரம் ஒரு நாள் சிறப்பாசிரியர் வந்து போவார். வகுப்புத் தேர்வில் வரைபடம் குறிக்கும் வினாவை அவளுக்கு விட்டுவிடலாம் என்று நானே முடிவுசெய்து, அதற்குப் பதில் ஒரு குறுவினா கொடுத்துவந்தேன். சலுகை கொடுக்கிறோம் என்ற நிம்மதி எனக்கு.

அன்று பாடம் முடிந்ததும் அவள் கேட்டாள்: "மிஸ், கடல் நமக்கு எந்தப் பக்கம்?"

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த பெண். கடற்கரைக்குப் போயிருக்கிறாள், அலையில் கால் நனைத்திருக்கிறாள். கடல் கிழக்கே இருக்கிறது என்று தேர்வில் எழுதுவாள். ஆனால் பள்ளி வாசலில் நிற்கும்போது அந்தக் கிழக்கு எந்தப் பக்கம், கபாலீசுவரர் கோவிலிலிருந்து கடல் எவ்வளவு தூரம், கூவம் எங்கே, அடையாறு எங்கே என்பதெல்லாம் அவளுக்குள் தனித்தனிச் சொற்களாகவே கிடந்தன. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து வைக்கும் இடம்தான் வரைபடம். அதை நான்தான் "உனக்கு வேண்டாம்மா" என்று விலக்கிவைத்திருந்தேன்.

அன்று இரவே ஒரு சார்ட் அட்டையில் சென்னையைச் செய்ய உட்கார்ந்தேன். ஆறுகளுக்குச் சணல் கயிறு, கடற்கரைக்கு மணல், சாலைகளுக்கு உல்லன் நூல், ரயில் பாதைக்கு ஒட்டிய அரிசி, கோவில்களுக்குப் பொத்தான், பாலங்களுக்குத் தீக்குச்சி. ஃபெவிகால் ஒரு டப்பா தீர்ந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஆசிரியர் அறையில் எல்லாரும் பாராட்டினார்கள்.

அவள் இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்து ஐந்து நிமிடம் தேடினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எல்லாமே சொரசொரன்னு இருக்கு மிஸ். எது எதுன்னு தெரியல."

எனக்கு முதலில் சற்றுக் கோபம்தான் வந்தது. இரவெல்லாம் விழித்துச் செய்தது அல்லவா! பிறகுதான், விரல் எப்படிப் படிக்கிறது என்பதே தெரியாமல் விரலுக்கு வரைபடம் செய்திருக்கிறோம் என்று உறைத்தது. அதைத் தெரிந்துகொள்ளப் போய்ப் படித்தவற்றில் வகுப்பறைக்கு உதவுகிறவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கண் ஒரு தாளை ஒரே பார்வையில் முழுதாக எடுத்துக்கொள்ளும். பிறகு வேண்டிய இடத்தில் உற்றுப் பார்க்கும். விரலுக்கு நேர்மாறான வழி. ஒரு நேரத்தில் ஒரு நுனி அளவுதான் அதற்குத் தெரியும். அப்படித் துண்டு துண்டாகக் கிடைப்பதை மனம் ஞாபகத்தில் வைத்து ஒட்ட வேண்டும். ஆகவே ஒரு தாளில் ஏழு வகைப் பொருள்கள் இருந்தால் கண்ணுக்கு அது அலங்காரம், விரலுக்கு அது இரைச்சல். இன்னொன்று, நுண்மை. விரல்நுனியில் இரண்டு முனைகள் ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக நெருங்கினால் அவை இரண்டு என்றே தெரியாமல் ஒன்றாகிவிடும். பிரெய்ல் எழுத்தில் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் விடப்படுவது இதனால்தான். தொடுவரைபடத்தில் இரண்டு கோடுகளுக்கு இடையே குறைந்தது 3 மில்லிமீட்டராவது வேண்டும் என்பார்கள். என் வரைபடத்தில் லஸ் முனை அருகே நான்கு நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

தோலுக்குள் தொடு உணர்வுக்கென்றே பலவகை உணர்விகள் உள்ளன. மெர்க்கல் செல்கள் விளிம்பையும் நுண்ணிய வடிவத்தையும் சொல்கின்றன; பிரெய்ல் படிப்பதில் பெரும்பங்கு இவற்றுக்கு. மெய்ஸ்னர் உணர்விகள் மெல்லிய வழுக்கலையும் படபடப்பையும் உணர்பவை. ஆழத்தில் உள்ள பாசினியன் உணர்விகள் வினாடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளில் மிகக் கூர்மையாக இயங்கும். கைபேசி அதிரும்போது நாம் உணர்வது பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான். தொடுதல் மின்குறிப்பாக மாறுவது எப்படி என்று கண்டறிந்ததற்காகத்தான் ஆர்டெம் படபூட்டியனுக்கு, வெப்ப உணர்வை ஆராய்ந்த டேவிட் ஜூலியஸோடு சேர்த்து, 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பத்தாண்டுகளுக்கு முன்வரை பாடநூலில் ஐந்து புலன்களில் ஒன்றாக ஒரு வரியில் கடந்துபோன புலன் அது!

ஆனால் உணர்விகளைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஜேம்ஸ் கிப்சன் என்ற உளவியலாளர் 1962-இல் பிஸ்கட் வெட்டும் அச்சுகளை வைத்து ஒரு சோதனை செய்தார். அசையாத உள்ளங்கையில் அச்சை அழுத்தினால் வடிவத்தைச் சொல்வது கடினமாக இருந்தது. அதே அச்சை விரல்களால் தாங்களே தடவிப் பார்க்க விட்டபோது பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். தொடப்படுவது வேறு, தொட்டுப் பார்ப்பது வேறு. நம் மொழியே 'தொட்டுப் பார்' என்கிறது. இதை வகுப்பில் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஒரு மாணவர் கண்ணை மூடிக் கையை நீட்டட்டும். 1, 2, 5 ரூபாய் நாணயங்களில் ஒன்றை உள்ளங்கையில் வையுங்கள், விரல் அசையக்கூடாது. பிறகு அதையே விரல்களால் உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வேறுபாடு அவர்களுக்கே தெரியும்.

1987-இல் சூசன் லீடர்மன், ராபர்ட்டா கிளாட்ஸ்கி இருவரும் கைகள் பொருளை ஆராயும் அசைவுகளை வகைப்படுத்தினார்கள். சொரசொரப்பு அறியப் பக்கவாட்டில் தேய்க்கிறோம். கடினம் அறிய அழுத்துகிறோம். சூடு அறிய வெறுமனே வைக்கிறோம். எடை அறியத் தூக்கிப் பிடிக்கிறோம். வடிவம் அறிய முதலில் பொத்திப் பிடித்து, பிறகு விளிம்போடு விரலை ஓட்டுகிறோம். ஆய்வுக்கட்டுரையாகப் படித்தபோது பெரிதாகத் தெரிந்தது. மறுநாள் காலை தெற்கு மாட வீதியில் காய் வாங்கும் அம்மாக்களைப் பார்த்தேன். வெண்டைக்காயின் நுனியை ஒடிக்கிறார்கள், மாம்பழத்தைக் காம்புப் பக்கம் அழுத்துகிறார்கள், தேங்காயைக் கையில் தூக்கி எடை பார்க்கிறார்கள். தி.நகர் ஜவுளிக்கடையில் புடவையின் முந்தானையை இரண்டு விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்க்காமல் யார் வாங்குகிறார்கள்? கண் தெரிந்தவர்களும் முக்கியமான முடிவுகளைக் கையிடம்தான் விடுகிறார்கள்.

இந்த அறிவோடு இரண்டாவது வரைபடத்தைச் செய்தேன். கடலுக்கு உப்புத்தாள். நிலம் வெறும் அட்டை. வடக்கே கூவத்துக்கும் தெற்கே அடையாற்றுக்கும் தடித்த சணல். இரண்டையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கு மெல்லிய நூல். கோவிலுக்கு ஒரு பொத்தான், பள்ளிக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அவ்வளவுதான். சாலைகள் இல்லை. அவை வேண்டுமென்றால் வேறொரு தாள்.

இடக்கையைப் பொத்தானின்மேல் நங்கூரமாக வைத்துக்கொண்டு வலக்கையால் தேடினாள். (இதை நான் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு கை நிலையாக இருக்க, மறு கை உலவுவது தொட்டுப் படிப்பவர்களின் வழக்கம். அவசரப்பட்டு அவர்கள் கையைப் பிடித்து இழுத்து "இங்கே பார், இங்கே பார்" என்று நாம் காட்டும்போது அந்த நங்கூரத்தைப் பிடுங்கிவிடுகிறோம்.) வலப்பக்கம் உப்புத்தாள் வந்ததும், "கடல்" என்றாள். பொத்தானிலிருந்து கடலுக்கு மூன்று விரல் அகலம் என்று அளந்தாள். பிறகு நூலைப் பிடித்துக்கொண்டு தெற்கே போனாள்.

"இது என்ன மிஸ்?"

"பக்கிங்காம் கால்வாய். நம்ம திருமயிலை ரயில் நிலையம் இதுமேலதான் இருக்கு."

விரல் நின்றுவிட்டது. "நான் தினமும் வர்ற ரயில் இதுமேலயா போகுது?"

தினமும் பறக்கும் ரயிலில் வருபவள். ஏறும் இடம், இறங்கும் இடம், படிகளின் எண்ணிக்கை எல்லாம் அத்துப்படி. கீழே ஒரு கால்வாய் கூடவே ஓடிவருகிறது என்பதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. நாற்றம் மட்டும் சொல்லியிருக்கிறது. அன்று பாடம் தானாகவே நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி 1877-78 பெரும்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைக் கால்வாய் பெற்றது என்று சொன்னேன். "பசியோட இருந்தவங்க இவ்ளோ தூரம் வெட்டினாங்களா?" என்று நூலை மறுபடி ஒருமுறை முழுவதும் தடவினாள். பார்வையுள்ள மாணவர்களும் தங்கள் விரலை அதில் ஓட்டிப் பார்க்க வரிசையில் நின்றார்கள். பஞ்சப் பாடத்துக்கு இத்தனை கவனம் என் வகுப்பில் அதற்குமுன் கிடைத்ததில்லை.

கயிறும் பசையும் இவ்வளவு செய்யுமென்றால் ஆய்வகங்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன? பள்ளியிலிருந்து பேருந்தில் ஏறி, திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைக் கடந்து, சர்தார் படேல் சாலையில் திரும்பினால் ஐ.ஐ.டி. சென்னை. அங்கே பயன்முறை இயந்திரவியல் துறையில் பேராசிரியர் எம். மணிவண்ணன் நடத்தும் தொடுபுல ஆய்வகம் இருக்கிறது. அந்த ஆய்வகமும், ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் வளர்ந்த மெர்க்கல் ஹாப்டிக்ஸ் என்ற புதுநிறுவனமும் சேர்ந்து 'ஐடாட்' என்றொரு தொடுதிரையை உருவாக்கியுள்ளன. (தோலிலுள்ள அந்த மெர்க்கல் செல்லின் பெயரேதான்.) வழவழப்பான கண்ணாடிதான். ஆனால் விரலை ஓட்டும்போது திரையில் தெரியும் படத்துக்கேற்ப விளிம்பும் சொரசொரப்பும் உணரப்படும். திரைக்குள் நகரும் பாகம் எதுவும் இல்லை.

அதன் அடிப்படை எளியது. 1953-இல் எட்வர்ட் மாலின்க்ரோட் என்பவர் ஒரு பித்தளை விளக்குத் தாங்கியைத் தொட்டபோது, விளக்கு எரியும்போது ஒரு மாதிரியும் அணைந்திருக்கும்போது வேறு மாதிரியும் அது உணரப்படுவதைக் கவனித்தார். மெல்லிய மின்காப்புப் படலத்துக்கு அடியில் மாறும் மின்னழுத்தம் இருந்தால், அதன்மேல் நகரும் விரல்நுனியை அது சிறிதளவு ஈர்க்கும். ஈர்ப்பு கூடினால் உராய்வு கூடும். மூளை அதைச் சொரசொரப்பாக எடுத்துக்கொள்ளும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டை ஒட்டவைக்கும் நம் ஆறாம் வகுப்புச் சோதனையின் தூரத்து உறவு. விரல் எங்கே இருக்கிறது என்பதைத் திரை அறிந்து, அந்த இடத்துக்கேற்ப மின்னழுத்தத்தை மென்பொருள் மாற்றிக்கொண்டே இருக்கும். இணையத்தில் துணி வாங்குபவர்கள் அதைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம் என்பதுதான் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. எனக்கோ பாடநூலின் படங்கள்தான் நினைவுக்கு வந்தன.

ஆனால் ஆசிரியராகச் சில சந்தேகங்கள் எனக்கு உண்டு. உராய்வை மாற்றும் திரையில் விரல் நகர்ந்துகொண்டே இருந்தால்தான் எதுவும் தெரியும். நிறுத்தினால் வெறும் கண்ணாடி. கால்வாயில் என் மாணவியின் விரல் நின்றதே, அந்த இடத்தில் நூல் இன்னும் விரலுக்கு அடியில் இருந்தது. உயர்ந்து நிற்கும் கோட்டின் உறுதி உராய்வுக்கு வராது. வியர்த்த விரலுக்கும் உலர்ந்த விரலுக்கும் உணர்வு வேறுபடும். சென்னையின் மே மாதத்தை எண்ணிப் பாருங்கள்! இவையெல்லாம் ஆய்வாளர்களுக்கும் தெரிந்தவைதான். அவர்கள் தீர்க்க முயலும் கணக்கே இவைதான்.

இந்தத் துறையில் ஏற்கெனவே பட்ட பாடங்களும் இருக்கின்றன. 1969-இல் பால் பாக்-இ-ரீட்டா ஒரு நாற்காலியின் முதுகில் 400 அதிர்முனைகளைப் பொருத்தி, நிழற்படக்கருவி காண்பதை முதுகில் அதிர்வுகளாக வரைந்துகாட்டினார். முதலில் உட்கார்ந்தவர்களுக்கு முதுகில் ஏதோ ஊர்வதுபோலத்தான் இருந்தது. கருவியைத் தாங்களே திருப்பிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எதிரே ஒரு பொருள் இருப்பதாக உணர்ந்தார்கள். கிப்சன் சொன்னதேதான். ஸ்டான்ஃபோர்டில் ஜான் லின்வில் என்ற பொறியாளர் பார்வையற்ற தன் மகளுக்காக 'ஆப்டகான்' செய்தார். ஒரு கை அச்சுப் பக்கத்தின்மேல் சிறு கருவியை நகர்த்தும்; மறு கையின் விரலுக்கு அடியில் 144 ஊசிமுனைகள் அதிர்ந்து அதே எழுத்தின் உருவத்தைக் காட்டும். 1971 முதல் விற்பனைக்கு வந்தது. பல ஆயிரம் பேர் அதில் படித்தார்கள். பக்கத்தைப் படித்துப் பேசும் கணினிகள் வந்ததும், 1996-இல் உற்பத்தியே நின்றுபோனது. கேட்பது வேகமானது, மலிவானது.

இங்கேதான் நம் ஆசிரியர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி வருகிறது: "கைபேசியே எல்லாத்தையும் படிச்சுச் சொல்லுதே, இன்னும் எதுக்கு பிரெய்ல்?" தமிழாசிரியர்கள் இதற்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள். குரலை மட்டும் கேட்டு வளரும் குழந்தைக்குப் பறவைக்கும் பரவைக்கும் வேறுபாடு எங்கிருந்து தெரியும்? மனம், மணம், அரம், அறம். பேச்சில் ரகர றகரம் கலந்துவிட்டன. நகர னகரம் காதுக்கு ஒன்றேதான். எழுத்தைத் தொட்டால்தான் எழுத்துப்பிழை தெரியும். என் மாணவியைவிட ஒரு வயது மூத்த, கைபேசியிலேயே படித்து வளர்ந்த ஒரு பையனின் விடைகளைத் தேர்வில் எழுதித் தந்தவர் என்னிடம் சொன்னார்: "பாடம் பூரா சொல்றான் மிஸ். 'எந்த ர போடட்டும்?'னு கேட்டா மட்டும் முழிக்கிறான்."

தமிழ் பிரெய்லைப் பற்றிப் பொது வகுப்பு ஆசிரியர்களாகிய நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு. ஆறு புள்ளிகள், இரண்டு நிரல். இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. லூயி பிரெய்ல் (பிறப்பு 1809) தன் 15 வயதுக்குள் இதை வகுத்தார். சார்லஸ் பார்பியே வகுத்த 12 புள்ளி முறையில் ஓர் எழுத்து விரல்நுனிக்குள் அடங்கவில்லை. பாதியாக்கியதுதான் பிரெய்லின் மேதைமை. விரலின் அளவு தெரிந்தவர் செய்த வடிவமைப்பு. 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் இந்திய மொழிகளுக்குப் பொதுவானது: 'க' என்ற ஒலிக்குத் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் அதே 1, 3 புள்ளிகள்.

அதில் என்னைக் கவர்ந்தவை இரண்டு. ஒன்று, கொம்பு. அச்சில் 'கெ' எழுத முதலில் கொம்பு போட்டுப் பிறகு க போடுகிறோம். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் இதில் தடுமாறுவதை 'எண்ணும் எழுத்தும்' ஆசிரியர்கள் அறிவார்கள். பிரெய்லில் ஒலிக்கும் வரிசையிலேயே க, பிறகு எ. இரண்டாவது, மெய்யின் புள்ளி. பிரெய்லில் அது 4-ஆம் புள்ளி மட்டும் உள்ள ஒரு தனிக் கட்டம். மெய்யெழுத்துக்கு முன்னால் வரும். ஆகவே 'அம்மா' என்பது ஐந்து கட்டங்கள்: 1 (அ), 4 (புள்ளி), 1-3-4 (ம), 1-3-4 (ம), 3-4-5 (ஆ). 'ல' இடப்பக்க மூன்று புள்ளிகள், 'ள' வலப்பக்க மூன்று புள்ளிகள். தனியே தொட்டால் இரண்டும் ஒரே செங்குத்துக் கோடுதான். பக்கத்து எழுத்தோடு உள்ள இடைவெளியை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். ல, ள மாறி எழுதும் பிரெய்ல் குழந்தையின் பிழை காதில் தோன்றியதா, விரலில் தோன்றியதா என்று பார்த்துத் திருத்த இந்த ஒரு செய்தி உதவும்.

பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. ஓலையில் எழுத்தாணியால் எழுதியபோது மெய்க்குப் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் வைக்காமல் விட்டார்கள் என்பார்கள். பிரெய்ல் சிலேட்டில் எழுதும் குழந்தையின் கையிலும் ஓர் எழுத்தாணிதான், ஆனால் வைப்பதெல்லாம் புள்ளி. அதுவும் தாளின் பின்புறமிருந்து, வலமிருந்து இடமாக, எழுத்தின் கண்ணாடி உருவத்தை. திருப்பினால்தான் படிக்க முடியும். இந்தச் சிரமம் இல்லாமல் எழுத ஆறு விசைகள் கொண்ட பெர்கின்ஸ் பிரெய்லர் 1951-இல் வந்தது. நம் காட்பாடியில் வொர்த் டிரஸ்டில் அது தயாராகியிருக்கிறது. கணினியோடு இணையும் பிரெய்ல் திரையில், மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பீங்கான் பட்டைகள் புள்ளிகளை உயர்த்தித் தாழ்த்தும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பட்டை என்பதால்தான் அதன் விலை இறங்க மறுக்கிறது.

1996-இல் சடாடோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இளமையிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்ல் படிக்கும்போது மூளையில் பார்வைக்கென்று உள்ள பகுதி இயங்குவதை அவர்கள் கண்டார்கள். என் மாணவி அந்த நூலைத் தொடர்ந்து போனபோது அவளுக்குள் என்ன நடந்ததோ, அதற்கு நான் 'பார்ப்பது' என்ற சொல்லைப் பயன்படுத்தத் தயங்குவதில்லை.

வரைபடம் பற்றிய ஆய்வுகளுக்கு வருகிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மண்டயம் ஸ்ரீனிவாசனின் தொடுபுல ஆய்வகத்தில் 'பிளைண்ட்எய்ட்' என்ற முறையை உருவாக்கினார்கள். பேனாபோன்ற ஒரு பிடியைப் பிடித்து நகர்த்தினால், கணினிக்குள் உள்ள அறையின் சுவரில் மோதும்போது பிடி கையைத் தடுக்கும். முன்பின் போகாத கட்டடத்தை இப்படி முதலில் கையால் நடந்து பார்த்துவிட்டுப் பிறகு காலால் நடக்கலாம். ஐ.ஐ.டி. தில்லியில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் குழுவினர் வேறு திசையில் போனார்கள்: குறைந்த விலையில், உடனே கைக்குக் கிடைப்பவை. பாடநூல் படங்களை உயர்கோட்டுப் படங்களாக்குவது, பிரெய்ல் மடிக்கணினி, 2014-இல் வெளியான 'ஸ்மார்ட்கேன்'. வெண்கோல் தரையில் உள்ள தடையைத்தான் சொல்லும். முழங்காலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதைச் சொல்லாது. கோலின் பிடியில் பொருத்தும் ஸ்மார்ட்கேன் வௌவாலைப்போல் மீயொலி அனுப்பி, 3 மீட்டர் தூரத்துக்குள் உள்ள தடையை அதிர்வாகக் கைக்குச் சொல்லும். இதைத் தயாரித்தது சென்னையைச் சேர்ந்த ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். சாலையில் சாய்ந்து நிற்கும் மரக்கிளையும் பின்கதவு திறந்த சரக்கு வண்டியும் தி.நகரில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு இதன் தேவை புரியும்.

நகரமும் ஒரு தொடுவரைபடம்தான், நாம் கவனித்தால். தேனாம்பேட்டை, நந்தனம் மெட்ரோ நிலையங்களின் தரையில் மஞ்சள் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். நீளக் கோடுகள் உள்ள ஓடு 'நட' என்கிறது. குமிழ்கள் உள்ள ஓடு 'நில், கவனி' என்கிறது. ஜப்பானில் செய்ச்சி மியாகே வகுத்த இந்த ஓடு 1967-இல் ஒகயாமா நகரில் முதலில் பதிக்கப்பட்டது. இதை அழகுக்கு என்று நினைத்து அதன்மேல் இருசக்கர வண்டியை நிறுத்துபவர்கள் நம் மாணவர்களின் பெற்றோராகவும் இருக்கலாம். ரூபாய்த் தாளிலும் பாடம் இருக்கிறது. புதிய 100 ரூபாயில் உயர்ந்த முக்கோணமும் ஓரத்தில் 4 சாய்கோடுகளும்; 500-இல் வட்டமும் 5 கோடுகளும். கசங்கிய தாளில் இவை தேய்ந்துபோகின்றன என்பதால் ரிசர்வ் வங்கி 2020-இல் 'மணி' என்ற செயலியையும் வெளியிட்டது. கண்ணை மூடிப் புதிய தாளையும் பழைய தாளையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். டிசம்பர் 3 அன்று குழந்தைகளின் கண்ணைக் கட்டி நடக்கவிடும் விளையாட்டைவிட இது மேல் என்பது என் கருத்து. கண்ணைக் கட்டி நடக்கும் குழந்தை பயத்தைத்தான் கற்கிறது. பார்வையற்றவர் பயின்று பெற்ற திறமையை அது காண்பதில்லை.

பார்வையற்றோருக்குப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி கிடைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. முறை என்பதில் சணல் கயிறும் அடங்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். செய்ய விரும்புவோருக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டவை சில: ஒரு தாளில் நான்கு வகைத் தொடுகைக்கு மேல் வேண்டாம். தையற்கடைகளில் துணியில் குறி போடும் பற்சக்கரத்தை அட்டையின் பின்புறம் ஓட்டினால் முன்புறம் அருமையான புள்ளிக்கோடு எழும். இடவலம் மாறும் என்பதை மறந்து ஒருமுறை நான் வங்கக் கடலை மேற்கே வைத்துவிட்டேன். வடகிழக்கு மூலையை வெட்டிவிடுங்கள், தாளைப் பிடித்ததுமே திசை தெரியும். செய்து முடித்ததும் கண்ணால் சரிபார்க்காதீர்கள். படிக்கப்போகிறவரிடம் முதலில் கொடுங்கள்.

அந்தக் காலாண்டுத் தேர்வில் வரைபட வினாவை அவளுக்கும் வைத்தேன். வெற்று அட்டையில் கடற்கரைக் கோடு மட்டும் உயர்த்தித் தந்து, ஒட்டுவதற்குப் பொட்டுகளும் நூலும் கொடுத்தேன். ஐந்தில் நான்கு மதிப்பெண். கூவத்தின் முகத்துவாரத்தைச் சற்று வடக்கே தள்ளிவிட்டாள், குறைத்தேன். "மத்தவங்களுக்கும் இப்படித்தான் குறைச்சீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் திருப்தியாகத் தலையசைத்தாள்.

போன வாரம் புதிதாக ஒன்று கேட்டிருக்கிறாள். மயிலாப்பூரில் மெட்ரோவுக்காகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா? "மேல பறக்கும் ரயில், அதுக்குக் கீழ கால்வாய், அதுக்கும் கீழ மெட்ரோ. இதை உங்க அட்டையில எப்படி மிஸ் ஒட்டுவீங்க?" ஒட்ட முடியாது. வீட்டில் இருந்த மூன்று செருப்புப் பெட்டிகளை எடுத்து வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் திறந்துவைத்தால் அவள் கை உள்ளே போகும் என்று அவளிடமே கேட்க வேண்டும்.